அழுத சர்ச்சு

வேனக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். பழைய ஊரில் பல வருடம் அவர்களை வேனில் ஏற்றி இறக்கியவள் அவள். ஒரு பிள்ளையை விட்டுவிட்டு வந்ததில்லை, ஒரு கண்ணாடியை உடைத்ததில்லை. வேன் ஓட்டுகிறவளுக்குப் பஸ் மேல் ஆசை வரக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. அவளுக்கு வந்தது. நகரத்து டிப்போவில் பெண் ஓட்டுநர்களை எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் விண்ணப்பம் போட்டாள், பயிற்சிக்குத் தேர்வானாள், மூட்டை கட்டினாள்.

மூட்டையோடு மூட்டையாகப் புருஷனும் கிளம்பியதுதான் ஊரார் வாய்க்கு அவலாகிப் போனது. அவர் இஸ்திரிக்காரர். நன்றாக ஓடிக்கொண்டிருந்த சொந்தக் கடையைப் பூட்டி, சாவியைத் தன் அக்காவிடம் கொடுத்துவிட்டு, நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் போர்வைகளுக்கும் தலையணை உறைகளுக்கும் பெட்டி போடுகிற வேலையில் சேர்ந்தார். பொண்டாட்டி பின்னால் போகிறான் பார் என்று சிரித்தார்கள். அவ ஓட்டினா நான் பின்னாலதான் உட்கார முடியும் என்று இவரும் சிரித்துவிட்டு வந்தார். ஆனால் அவருடைய அக்கா சிரிக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் செய்து, கடையைக் கூட்டிப் பெருக்கித்தான் வைத்திருக்கிறேன், எப்போது திரும்பி வருகிறீர்கள் என்று ஒரே கேள்வியைக் கேட்டார். நாத்தனார் என்றால் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டாமா?

அந்தக் கேள்விக்குப் பதில் டிப்போவின் தேர்வில் இருந்தது. தேர்வு வைப்பவரைப் பயிற்சிக்கு வந்தவர்கள் செருமல் சார் என்பார்கள். அதிகம் பேச மாட்டார். பின் சீட்டில் உட்கார்ந்திருப்பார். யாராவது தப்புச் செய்தால் தொண்டையைச் செருமுவார். அவ்வளவுதான், அந்த ஆளின் கதை முடிந்தது.

முதல் தேர்வில் வேனக்காவின் கதை ஒரு சர்ச்சில் முடிந்தது. அந்த நகரத்தில் ஒரே பெயரில் இரண்டு தேவாலயங்கள் இருக்கின்றன. ஒன்று பெரியது, இரட்டைக் கோபுரம் வைத்தது. மற்றது ஒரு சந்தின் முனையில் ஒண்டிக்கொண்டிருக்கும் சின்னது. வரைபடத்தை மனப்பாடம் செய்துகொண்டு போனவள், பெரியதன் அருகே திரும்ப வேண்டியவள், சின்னதன் அருகே திரும்பிவிட்டாள். சந்து போகப் போகக் குறுகியது. பஸ் பாதியில் நின்றது. சந்தே வெளியே வந்து ஆளுக்கொரு பக்கம் கை காட்டியது. யாரையும் பார்க்காமல், இரண்டு பக்கக் கண்ணாடியையும் மட்டும் பார்த்து, ஒரு கீறல் இல்லாமல் அந்த நீளமான வண்டியைப் பின்னாலேயே எடுத்து வெளியே கொண்டுவந்தாள். ஆனாலும் செருமல் சார் செருமினார்.

"கை நல்லாத்தான் ஓட்டுது. ஊருதான் தெரியலை. இன்னொரு தடவை வாங்க. அதுக்கு மேல தர முடியாதும்மா."

டிப்போவை விட்டு வந்தவளுக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. கால் போன போக்கில் நடந்து, திறந்திருந்த ஒரு பெரிய கதவுக்குள் நுழைந்து, கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். கடையைப் பூட்டிவிட்டு வந்த மனுஷனுக்கு என்ன பதில் சொல்வது என்று நினைத்து நினைத்து அழுதாள். போனில் சேதி தெரிந்து சலவைக்கூடத்திலிருந்து ஓடி வந்த இஸ்திரிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு அண்ணாந்து பார்த்தார்.

"எவ்வளவு உசரம். இத்தனை பெரிய சர்ச்சை எப்படிம்மா நீ கவனிக்காம விட்ட?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தான் உட்கார்ந்திருப்பது திரும்ப வேண்டிய அந்தச் சர்ச்சில்தான். அழுகை பாதியில் நின்று சிரிப்பு வந்துவிட்டது. முன் பெஞ்சில் இருந்த ஓர் அம்மாள் திரும்பிப் பார்த்தும் சிரிப்பு நிற்கவில்லை. வண்ணக் கண்ணாடி வழியாக விழுந்த வெளிச்சம் இஸ்திரிக்காரருடைய வெள்ளைச் சட்டையில் சிவப்பும் நீலமுமாகப் படிந்தது. கறை என்று நினைத்து அவர் கையால் தட்டித் தட்டிப் பார்த்தார். தொழில் புத்தி எங்கே போகும்?

அன்றே முடிவு செய்தார்கள். ஊர் தெரியவில்லை என்றால் ஊரைத் தெரிந்துகொண்டால் போயிற்று. இரண்டு பேருக்கும் விடுமுறை சேர்ந்து வரும் நாளெல்லாம் காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். நாள் முழுக்க நின்றே வேலை செய்யும் இஸ்திரிக்காரருக்குப் பாதம் எரியும். முனகிக்கொண்டேதான் வருவார், ஆனால் வராமல் இருக்க மாட்டார். பலகையில் எழுதிய பெயர்கள் வாயில் நுழையாததால் இவர்களே பெயர் வைத்தார்கள். நீதிமன்றத்து வாசலில் மலை போலப் படிகள், அது முட்டிவலி. நாற்சந்தியில் பஸ்ஸை நிறுத்துவது போலக் கையை நீட்டிக்கொண்டு நிற்கும் சிலை, கைகாட்டி மாமா. பாவம், எத்தனை பஸ் போனாலும் அவர் ஏறுவதில்லை. நூலகத்து வாசலில் வேலை இல்லாமல் படுத்திருக்கும் கல் சிங்கங்கள் இரண்டும் வெட்டி ஆபீசர்கள். பெரிய தேவாலயத்துக்கு மட்டும் பெயர் வைக்க யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அது அழுத சர்ச்சு.

ஏரி உள்ள பூங்காவில் ஒரு பெரிய வாத்து இருந்தது. இஸ்திரிக்காரர் அதன் குஞ்சுகளைக் குனிந்து பார்த்ததுதான் குற்றம். காலைக் கவ்வியது. உதறிவிட்டு ஓடினால் விடாமல் துரத்தியது. பூங்காவின் பின்பக்கச் சாலை முழுக்க அவர் ஓடினார், அவள் பின்னால் சிரித்துக்கொண்டே நடந்தாள். நடக்கும்போதே அவளுடைய கண் வேறு வேலை பார்த்தது. சாலை நல்ல அகலம். தாழ்ந்த கிளை இல்லை, தொங்கும் கம்பி இல்லை, வண்டிகளை ஓரத்தில் நிறுத்தவும் விடுவதில்லை. அந்த இடத்துக்குக் கடிச்ச பூங்கா என்று பெயரானது.

போகப் போக ஊர் அவளுக்குத் தண்ணி பட்ட பாடானது. ஒருநாள் ஒரு வெளியூர்த் தம்பதி வழி கேட்டபோது, அங்கேயே பிறந்து வளர்ந்தவள் மாதிரி இடது வலது சொல்லி அனுப்பினாள். அவர்கள் போன பிறகு, சொன்னது சரிதானா என்று அவர்கள் பின்னாலேயே நடந்து பார்த்தாள். சரிதான். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இரண்டாவது தேர்வு நாள் வந்தது. காலி பஸ். பின் சீட்டில் செருமல் சார். அடுத்து, அடுத்து என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவள் நிறுத்தப் பலகையில் உள்ள பெயர்களைப் பிசகாமல் சொன்னாள். பூங்காவுக்கு முன்னால் திரும்பியவள் பிரேக்கை மிதித்தாள். முந்தின நாள் காற்றில் ஒரு பெரிய மரம் சாலைக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தது. எந்தப் பக்கம் போவது என்று சொல்ல ஆள் இல்லை. செருமல் சார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கண்ணை மூடித் திறந்தாள். புருஷன் ஓடியது தெரிந்தது. வண்டியைப் பூங்காவின் பின்பக்கச் சாலைக்குத் திருப்பினாள். இஸ்திரிக்காரர் ஓடிய வழியே பஸ் சொகுசாகப் போய், மரத்தைத் தாண்டிய பிறகு பெரிய சாலையில் ஏறியது. பின்னாலிருந்து செருமல் வரவில்லை. வேனக்காவுக்குப் பெருமை தலைக்கேறியது. அந்த ஏற்றத்தில் நாக்கு வழுக்கியது.

"அடுத்து?"

"அழுத சர்ச்சு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

"யாரு அழுதா?" என்றார் செருமல் சார்.

மழுப்பினால் இன்னும் மோசமாகும் என்று தோன்றியது.

"நான்தான் சார். போன தடவை நீங்க ஃபெயில் பண்ணீங்களே, அன்னைக்கு."

அதன் பிறகு அவர் ஒன்றுமே கேட்கவில்லை. மற்ற நிறுத்தங்களின் பெயர்களை அவளாகவே சொல்லிக்கொண்டு வந்தாள். டிப்போவில் வண்டியை நிறுத்திக் கைப்பிரேக்கைப் போட்டதும் அவர் செருமினார். அவளுக்கு உயிரே போனது. கடை, சாவி, நாத்தனார் எல்லாம் கண்முன் வந்து நின்றன.

"அந்தப் பின்பக்க ரோடு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வாத்துக் கதையைச் சொன்னாள்.

"அது என்னையும் கடிச்சிருக்கு" என்றார் அவர். எழுந்து படி வரை போய்விட்டுத் திரும்பினார். "திங்கக்கிழமைலேர்ந்து இந்த ரூட்டு உங்களுக்குத்தான். நான் அழுத சர்ச்சுகிட்ட ஏறிக்கறேன்."

திங்கட்கிழமை முதல் நிறுத்தத்திலேயே இஸ்திரிக்காரர் ஏறினார். ஆஸ்பத்திரியில் லீவு சொல்லிவிட்டு, தன் சட்டைக்குத் தானே பெட்டி போட்டு, மடிப்புக் கலையாமல் வந்திருந்தார். ஓட்டுநரிடம் பேசக்கூடாது என்ற பலகைக்கு மரியாதை கொடுத்து அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்த ஒவ்வொருவரிடமும் ஓட்டுவது தன் மனைவி என்பதைச் சொன்னார். ஒருவர் இறங்கி இன்னொருவர் உட்கார்ந்ததும் திரும்ப முதலிலிருந்து சொன்னார்.

இரட்டைக் கோபுரம் தெரிந்தபோது அவர் போனை எடுத்தார். அவர் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசும். அக்காவின் குரல் பஸ் முழுக்கக் கேட்டது. என்னடா வேலை நாளில் போன் பண்ணுகிறாய், வேலை போய்விட்டதா, கிளம்பி வருகிறீர்களா என்று கேட்டார்.

"வரலைக்கா. கடைச் சாவியை நீயே வெச்சுக்கோ. பஸ்ல போயிட்டிருக்கேன். ஓட்டறது உன் தம்பி பொண்டாட்டி."

வேனக்கா நிறுத்தத்தில் வண்டியை ஒட்டி நிறுத்திக் கதவைத் திறந்தாள். முதல் ஆளாகச் செருமல் சார் ஏறி, எல்லாரையும் போலக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்ப எங்கடா இருக்கீங்க?" என்று அக்காவின் குரல் வந்தது.

"அழுத சர்ச்சுகிட்ட."

"யாருடா அழுதா?"

கதவை மூடிவிட்டு வேனக்கா மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்தாள். இஸ்திரிக்காரர் மடிப்புக் கலையாத சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்கா" என்றார். "இப்பதான்."