ஃபேனை நிறுத்திவிட்டுக் கதை சொன்னவர்

செம்பூர் திருவேங்கடத்துக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். அறுபத்திரண்டு வருஷமாக மனுஷர் இதை மூடி மறைத்த அக்கிரமமே போதும்.

பேசுவார். ஆரம்பித்தால் நிறுத்த ஆள் கிடையாது. மாட்டுங்காவில் பிறந்து, இங்கிலீஷ் மீடியத்தில் படித்து, இன்ஷூரன்ஸ் ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவர். வீட்டில் தமிழ், ரயிலில் இந்தி, கறிகாய்க்காரியிடம் மராத்தி. தமிழ் எழுத்து மட்டும் ஒட்டவேயில்லை. கடைப் பலகை என்றால் கூட்டிக் கூட்டி ஒப்பேற்றுவார்; நாலு வரி சேர்ந்தாற்போல வந்தால் தலை கிறுகிறுத்துவிடும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பம்பாய்த் தமிழரில் எத்தனையோ பேர் கதை இதுதான். அவர்கள் "தெரியாதுப்பா" என்று சொல்லிவிட்டு வடாபாவ் தின்னப் போய்விடுவார்கள். இவர் என்ன செய்வார் தெரியுமா? ஹார்பர் லைன் ரயிலில் ஒரு தமிழ்ப் பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொள்வார். பக்கம் புரட்டுவார், தலையாட்டுவார், ஜோக்குக்குச் சிரிப்பார். எல்லாம் படத்தைப் பார்த்துத்தான். ஒரே பத்திரிகை எட்டு மாசம் ஓடும். அப்படித் தலையாட்டியே காலனித் தமிழ்ச் சங்கத்துக்கு இலக்கியச் செயலாளராகவும் ஆகிவிட்டார்.

ரிட்டயர் ஆனதும் சும்மா இருந்திருக்கலாம். கௌசிக் விடவில்லை. அதே காலனியில் வளர்ந்து, டொராண்டோவில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவன். வாரம் ஐந்து நாள் ஆபீஸ், சனிக்கிழமையானால் உலகத்தைத் திருத்தக் கிளம்பிவிடுவான். 'கதைத்தோணி' என்று ஒன்று ஆரம்பித்திருந்தான். வெளிநாடுகளில் வளரும் தமிழ்க் குழந்தைகளுக்கு ஆன்லைனில் கதை வாசித்துக் காட்டி, அப்படியே எழுத்தும் கற்றுக்கொடுப்பது. பதினாலு குழந்தைகள், ஆறு தேசம்.

"அங்கிள், உங்களை விட்டா இதுக்கு யார் இருக்கா?" என்றான்.

திருவேங்கடம் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். "பேஷா பண்ணிடலாம்டா" என்று வந்து தொலைத்தது.

கதைத்தோணியில் ஒரு விதி உண்டு. தன்னார்வலர் புத்தகத்தைக் காமிராவுக்குக் காட்டி, வரிக்கு அடியில் விரலை ஓட்டிக்கொண்டே வாசிக்க வேண்டும். விரல் போகும் வழியே குழந்தை எழுத்தைப் பிடித்துக்கொள்ளுமாம். முதல் புத்தகம் வந்த அன்று திருவேங்கடம் அதைத் தலைகீழாகக்கூடப் பிடித்துப் பார்த்தார். பிறகு மெல்லச் சமையலறைக்குப் போனார்.

அங்கே கலைச்செல்வி தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். தாராவியிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து சமைக்கிற திருநெல்வேலிக்காரி. முனிசிபல் பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியத்தில் எட்டாவது வரை படித்தவள். பஜ்ஜி மடித்து வந்த பேப்பரையும் எண்ணெயோடு எழுத்து விடாமல் வாசித்துவிட்டுத்தான் குப்பையில் போடுவாள்.

"கலை, என் கண்ணாடியை எங்கேயோ வெச்சுட்டேன். இந்தக் கதையைக் கொஞ்சம் வாசிச்சு போன்ல ரிக்கார்ட் பண்ணித் தரியா?"

"கண்ணாடி ஒங்க மூக்குலல்லா இருக்கு சார்?"

"இது... தூரப் பார்வைக்கு."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். எல்லாம் விளங்கிவிட்டது. "கொண்டாங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டாள்.

வாசிப்பாள் என்றால் சும்மாவா வாசிப்பாள்? 'ஒரு காட்டில் ஒரு நரி இருந்தது' என்று புத்தகம் பாட்டுக்குப் போட்டிருக்கும். கலைச்செல்வி, "ஒரு காட்டுல ஒரு நரி கெடந்துச்சு, அதுக்கு வேற சோலியே கெடையாது பாத்துக்கிடுங்க" என்று ஆரம்பிப்பாள். திருவேங்கடம் திங்கள் முதல் வெள்ளி வரை மொட்டை மாடியில் நடந்து அதை நெட்டுருப் போடுவார். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நெற்றியில் நாமத்தோடு உட்கார்ந்து, விரலை வரிமேல் எங்கேயோ ஓட்டிக்கொண்டு, திருநெல்வேலித் தமிழில் வெளுத்து வாங்குவார். விரல் மூன்றாவது வரியில் இருக்கும். நரி அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்திருக்கும். மஸ்கட்டில் ஒரு வாண்டு, சாப்பிடக் கூப்பிட்ட அம்மாவிடம் "எனக்குச் சோலி கெடக்கு" என்றதாம். பெற்றோர்கள் பூரித்துப்போனார்கள். கௌசிக் அதற்கு ஒரு கிராஃப் போட்டு, 'இம்பாக்ட்' என்று எழுதி எல்லாருக்கும் அனுப்பினான்.

குழந்தைகள் என்றால் கேள்வி கேட்குமே! "மாமா, இந்தப் படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கு?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டது ஒன்று. திருவேங்கடம் அப்படியே உறைந்தார். வாய் பாதி திறந்து, ஒரு புருவம் மேலே, ஒரு கை அந்தரத்தில். நெட் போய் வீடியோ நின்றுவிட்ட மாதிரி. "மாமா ஹேங்!" என்று குழந்தைகள் கத்தின. ஒரு நிமிஷம் தாக்குப்பிடித்து லைனைத் துண்டித்துவிட்டு, பிறகு வந்து, "சே, நம்ம ஊர் நெட்டே இப்படித்தான்" என்றார். எப்படி இருக்கிறது சாமர்த்தியம்!

ஆஸ்லோவிலிருந்து சாருலதா மட்டும், எட்டு வயசு, சந்தேகம் கேட்டாள். "மாமா ஹேங் ஆயிட்டா, பின்னாடி ஃபேன் மட்டும் ஏன் சுத்தித்து?"

அடுத்த வாரத்திலிருந்து வகுப்பு நேரத்தில் ஃபேன் கிடையாது. மே மாசச் செம்பூரில்! மனைவி ருக்கு முந்தானையால் விசிறிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏன்னா, நீங்க பண்ற தில்லுமுல்லுக்கு நான் எதுக்கு வேகணும்?"

"கலை சேவைடி!"

"ஆமாம், கலை பண்றா சேவை. நீங்க வேர்த்துக் கொட்டறேள்."

இப்படியே மூன்று வருஷம் ஓடியது. ஆண்டு விழா வந்தது. ஆறு தேசத்திலிருந்தும் சொந்தபந்தமெல்லாம் திரையில் கட்டம் கட்டமாக வந்து உட்கார்ந்தார்கள். திருவேங்கடம் மாமாவின் நட்சத்திர மாணவி சாருலதா வாசித்துக் காட்டுவாள் என்று கௌசிக் அறிவித்தான். இந்த ஒரு நாள் நல்லபடியாகப் போய்விட்டால் சிறந்த தன்னார்வலர் சான்றிதழ் அவருக்கு; போகாவிட்டால் இத்தனை வருஷ மானம் சந்தி சிரிக்கும்.

சாருலதா புத்தகத்தை எடுத்தாள், காமிராவுக்குக் காட்டினாள், விரலை ஓட்டினாள். ஏற்ற இறக்கம் என்ன, நரிக்கு ஒரு குரல் என்ன! எல்லாரும் சொக்கிப்போனார்கள். திருவேங்கடம் மட்டும் அவள் விரலைப் பார்த்தார். விரல் பக்கத்தின் கடைசிக்குப் போயிருந்தது. கதை இன்னும் பாதிகூட வரவில்லை. அவருக்குச் சொரேர் என்றது.

கௌசிக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "சூப்பர், சாரு! இப்போ புதுசா ஒரு பக்கம், இதுவரைக்கும் பார்க்காதது" என்று திரையில் ஒன்றைப் போட்டான்.

சாருலதா உறைந்தாள். வாய் பாதி திறந்து, ஒரு புருவம் மேலே, ஒரு கை அந்தரத்தில்.

"அடடா, ஆஸ்லோ நெட் போயிடுத்து போல. சரி, அடுத்த குழந்தை..." என்றான் கௌசிக்.

அவள் ஊரில் ஃபேன் கிடையாது. ஆனால் அவளுக்குப் பின்னால் ஜன்னலில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. திருவேங்கடத்துக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இவளும் தப்பிப்பாள், அவரும் தப்பிப்பார். அப்புறம் அவள் வளர்ந்து ஆஸ்லோ ரயிலில் ஒரு பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஜோக்குக்குச் சிரிப்பாள். அவள் கண்ணில் நீர் கட்டி நின்றது. அசைந்தால் குட்டு உடைந்துவிடும் என்று பாவம், துடைக்கவுமில்லை. மனுஷருக்கு இத்தனை காலம் வராத வெட்கம் மொத்தமாக வந்தது.

மைக்கைத் திறந்தார்.

"கௌசிக், நெட்டெல்லாம் நன்னாத்தான் இருக்கு, பின்னாடி பனி கொட்டறது பார். சாரு, கையைக் கீழே போடும்மா. நோக்கு வாசிக்கத் தெரியலை. நேக்கும் தெரியாது. மூணு வருஷத்துல ஒரு வரிகூட நான் வாசிச்சதில்லை. எல்லாம் மனப்பாடம்."

கௌசிக் மூக்கை உறிஞ்சினான். "ஒரு குழந்தையோட பயத்தைப் போக்கறதுக்கு அங்கிள் தன்னை எப்படித் தாழ்த்திக்கறார் பாருங்கோ!"

"அட, நெஜமாடா மடையா!"

சிங்கப்பூர்த் தாத்தா ஒருவர் "என்ன பணிவு, என்ன பணிவு!" என்று கண்ணைத் துடைத்தார். கைதட்டும் பொம்மைகள் திரையெல்லாம் பறந்தன. பொய் சொன்னபோது நம்பியவர்கள் ஒருத்தராவது உண்மையை நம்ப வேண்டுமே! கிடையாது.

சாருலதா மட்டும் கையைக் கீழே இறக்கினாள். "அப்போ கதையெல்லாம் யாரு மாமா வாசிச்சா?"

திருவேங்கடம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே போய்விட்டார். "இதோ, இவதான்."

"ஐயய்யோ, என்ன சார் இது, கையெல்லாம் மாவா கெடக்கு" என்று கலைச்செல்வி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். கௌசிக் அதற்குள் நன்றியுரைக்குப் போயிருந்தான்.

சான்றிதழ் மறுநாளே ஈமெயிலில் வந்துவிட்டது. இங்கிலீஷில் இருந்ததால் திருவேங்கடம் ஒரு இடத்திலும் தடுக்காமல் வாசித்தார். ருக்கு பிரேம் போடவா என்று கேட்டதற்கு, அவளை முறைத்தார்.

இப்போது சனிக்கிழமை ஆறு மணிக்கு வகுப்பெடுப்பது கலைச்செல்வி. கௌசிக்கின் பட்டியலில் இந்த வகுப்பு இல்லை. மாணவர்கள் இரண்டே பேர்: ஆஸ்லோவில் ஒருத்தி, செம்பூர் சாப்பாட்டு மேஜையில் ஒருவர். அவள் ஒன்பதாம் பாடத்துக்குப் போய்விட்டாள், இவர் இன்னும் ஆறில் நிற்கிறார்.

போன வாரம் ஆறாம் பாடத்தில் இரண்டாவது வரி வந்தது. திருவேங்கடத்தின் விரல் நின்றது. வாய் பாதி திறந்தது, ஒரு புருவம் தானாக மேலே போனது. ஆஸ்லோவிலிருந்து குரல் வந்தது.

"ஃபேன் சுத்துதுல்லா மாமா! வாசிங்க."