மூன்று முறை போய்ப் பார்த்தவர்

ஹெல்கா இறந்துவிட்டார் என்று அவருடைய அண்ணன் மகன் எனக்கு இரண்டு வரி அனுப்பியிருந்தார். காளப்பநாயக்கன்பட்டியில் நான் வேலை செய்யும் தனியார் பள்ளியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கையிலிருந்த தாளை முடித்துவிட்டுத்தான் அந்தச் செய்தியை மறுபடி படித்தேன். என் எண் ஹெல்காவிடம் இருந்திருக்கிறது. பத்து ஆண்டுகளாக அவர் அழைக்கவில்லை, நானும் அழைக்கவில்லை. கொல்லிமலைக் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவர்களும் வேலை பார்த்தவர்களும் இதைப் படிப்பீர்கள். அங்கே செயலாளராக இருந்த எனக்கும் அவருக்கும் ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும். ஏன் என்பது பலருக்குத் தெரியாது.

டென்மார்க்கில் கால்நடை மருத்துவமனை ஒன்றில் உதவியாளராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். இல்லத்தின் பின்புறம், கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி மோதிக் கிடந்த நாய்களை எடுத்து வந்து தேற்றும் காப்பகம் இருந்தது அல்லவா, அதற்காக ஆண்டுக்கு மூன்று மாதம் வருவார். சமையல் செய்த பாவாயி அக்காவிடம் தமிழ் கற்றதால், மரியாதை இல்லாமல் பேசவே அவருக்குத் தெரியாது. காலொடிந்த நாயிடம், "வாங்க, இப்படிப் படுங்க, வலிக்காதுங்க" என்பார். பஞ்சாயத்துத் தலைவரிடமும் அதே குரல்தான். பிள்ளைகள் இரண்டையும் நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள்.

அவருக்கு முன்னும் பின்னும் வந்த வெளிநாட்டுத் தன்னார்வலர்களைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் கிடையாது. மூன்று வாரம் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிவார்கள். போகும்போது சாப்பாட்டுக்கூடச் சுவரில் வண்ணத்தில் கை பதித்து, கீழே பெயர் எழுதுவார்கள். கட்டிப்பிடித்து அழுது, கட்டாயம் வருவேன் என்பார்கள். அந்தச் சுவரில் கை வைக்க இடமில்லாமல் போயிற்று. எட்டு வயது சித்ரா, புதிதாக யார் வந்தாலும் பெயர் கேட்க மாட்டாள். "எப்பப் போவீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. ஹெல்கா மட்டும் நாள்காட்டியை எடுத்து வந்து தேதியைத் தொட்டுக் காட்டினார். சுவரில் அவர் கை இல்லை.

சித்ராவுக்குத் தாய்மாமன் உண்டு. மலையிலேயே உள்ள பெரக்கரை நாடு என்ற ஊரில் மரவள்ளியும் கொஞ்சம் மிளகும் போட்டிருந்த வெள்ளையன். பிள்ளையைத் தானே வளர்க்கத் தரச் சொல்லி மூன்று முறை வந்தார். மாவட்ட அலுவலகம் எங்கள் பரிந்துரையைத்தான் கேட்கும், செயலாளர் நான். மூன்று முறையும் வேண்டாம் என்று எழுதினேன். ஒற்றை அறை வீடு, சொந்தப் பிள்ளைகள் மூவர், இங்கே இருந்தால் ஆங்கிலமாவது வரும் என்பவை நான் எழுதிய காரணங்கள். எழுதாத காரணம் ஒன்றும் இருந்தது. இல்லத்திலிருந்த பதினாறு பேரில் பாதிப் பேருக்கு மாமனோ சித்தியோ இருந்தார்கள். கேட்டவர்களிடமெல்லாம் அனுப்பினால் இல்லம் எதற்கு, நான் எதற்கு?

காப்பகத்து நாயை யாராவது வளர்க்கக் கேட்டால் ஹெல்கா உடனே தரமாட்டார். ஒரு படிவம் வைத்திருந்தார். சொல்லாமல் கொள்ளாமல் மூன்று முறை அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்து நிரப்புவார். எங்கே படுக்கும், உடம்புக்கு முடியாமல் போனால் யார் பக்கத்தில் இருப்பார்கள், ஐந்து வருடம் கழித்து யார் இருப்பார்கள். இந்தக் கேள்விகளைத் தமிழில் எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

வெள்ளையன் மூன்றாம் முறை திரும்பிப் போன பிறகு, எனக்குச் சொல்லாமல் ஹெல்கா அந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டு பெரக்கரை நாட்டுக்குப் போயிருக்கிறார். மூன்று முறை. நிரப்பிய தாளை நிர்வாகக் குழுக் கூட்டத்தில் மேசைமேல் வைத்தார்.

"நாய்க்கு எழுதுன ஃபாரத்தப் புள்ளைக்கு வெச்சுப் பாப்பீங்களா?" என்றேன்.

"புள்ளைக்கு ஃபாரம் இல்லீங்களே சார். இருந்தாக் குடுங்க."

குழுவில் யாரோ சிரித்தார்கள். நான் தாளைப் படித்தேன். முதல் முறை எல்லோரும் காட்டில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் முறை நல்ல மழை. பெண் எங்கே படுப்பாள் என்று கேட்டதற்கு, எங்கள் இருவருக்கும் நடுவில் என்று வெள்ளையனின் மனைவி சொல்லியிருக்கிறார். மூன்றாம் முறை வெள்ளையன் குடித்திருந்தார். ஹெல்கா அதையும் மறைக்காமல் எழுதியிருந்தார். நான் அந்த வரியைப் பிடித்துக்கொண்டேன். குடிகாரனிடமா பெண்ணை அனுப்புவது என்றேன்.

ஹெல்கா இன்னொரு தாளை எடுத்தார். "இதே கேள்விய நம்ம இல்லத்துக்கும் கேட்டுப் பாத்தேனுங்க. காய்ச்சல் வந்தா யார் பக்கத்துல? வேலைக்கு இருக்கறவங்க. அஞ்சு வருசம் கழிச்சு யாரு? தெரியாது. நானே ஆடியில போயிருவேன். இந்த எடத்துக்கு நான் நாயக்கூடக் குடுக்க மாட்டேனுங்க."

குழு ஒப்புக்கொண்டது, சித்ரா மாமன் வீட்டுக்குப் போனாள். அடுத்த ஆண்டிலிருந்து தன்னார்வலர்கள் நாய்களோடு மட்டும் இருக்கலாம், பிள்ளைகளைத் தூக்கக் கூடாது என்று குழு முடிவு செய்தது. வருகிறவர்கள் குறைந்தார்கள். உறவு இருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக வீடு போனார்கள். மற்றவர்களை வேறு இல்லத்துக்கு மாற்றி, இரண்டே ஆண்டில் கதவைச் சாத்தினார்கள். ஹெல்கா தன் சொந்த விருப்பத்துக்காக இல்லத்தைக் கலைக்கிறார் என்று இல்லத்தை நடத்திய அறக்கட்டளைக்கு நான் எழுதிய கடிதம் அவர் கைக்கும் போயிற்று. அவர் பதில் எழுதவில்லை. நாற்பதைத் தாண்டிய வயதில், சம்பளம் பாதியாக, புதிய இடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, சித்ராவுக்குச் செய்தியைச் சொல்ல வேறு யாரும் இல்லாததால், அடிவாரத்துக் காரவள்ளியில் பெரக்கரை நாட்டுக்குப் பஸ் ஏறினேன். சித்ரா இப்போது நாமக்கல்லில் நர்சிங் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்திருந்தாள். அவளுடைய மாமனும் அத்தையும் காட்டுக்குப் போயிருந்தார்கள். சொன்னதும் அவள் அழவில்லை. தன் கைகளைப் பார்த்தபடி பேசினாள்.

"நான் இங்க வந்தப்பறமும் ரெண்டு வருசம் வந்தாங்க சார். அத்தைகிட்டத்தான் பேசுவாங்க. எங்கிட்ட வர மாட்டாங்க. ஒருக்கா நான் ஓடிப்போய்க் கையப் புடிச்சேன். மெதுவா எடுத்து அத்தை கையில வெச்சுட்டாங்க."

பிறகு கேட்டாள்: "நீங்க ஏனுங்க சார் ஒருக்காக்கூட வரலீங்க?"

வேலை என்றேன். அது பொய். என் வகுப்பில் ஒரு பிள்ளை நாலு நாள் வராவிட்டால் சொல்லாமல் அந்த வீட்டுக்குப் போய்விடுவேன். ஒருமுறை பார்த்தது போதாது என்று மறுபடியும் போவேன். பத்து ஆண்டுகளாக இதுதான் என் வழக்கம். யாரிடம் கற்றேன் என்று பள்ளியில் யாருக்கும் சொன்னதில்லை. எத்தனையோ வீடுகளின் வாசலில் போய் நின்றவன், இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் வரவில்லை. வந்திருந்தால், ஹெல்கா உயிரோடு இருக்கும்போதே, அவர் செய்தது சரி என்று அவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்திருக்கும்.

படிவத்தோடு அந்த வீட்டுக்குப் போகுமுன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற கோபம் இன்னும் இருக்கிறது. அதை விடப்போவதில்லை. அதோடு சேர்த்து, அந்தப் போய்ப் பார்க்கும் பழக்கமும் அவரிடமிருந்து எனக்கு வந்தது. நான் எழுதாத கடிதத்துக்குப் பதிலாக இதை எழுதியிருக்கிறேன்.