கிடாவுக்குப் புரிந்த இந்தி

எங்கள் சித்தி தமிழ் கற்றுக்கொண்டது என்னுடைய மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து. எண்பதுகளின் நடுவில் பட்டாளத்தில் இருந்த சித்தப்பா, ஜபல்பூரில் அவளைக் கல்யாணம் செய்துகொண்டு, பொம்மிடிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்குக் கூட்டி வந்தார். இரண்டு டிரங்குப் பெட்டிகளோடு சேர்த்து அவளையும் வீட்டில் இறக்கிவிட்டு, லீவு முடிந்ததென்று எல்லைக்கு ரயில் ஏறிவிட்டார். சித்திக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. எங்கள் வீட்டில் இந்தி தெரிந்த ஒரே ஆளும் அந்த ரயிலிலேயே போய்விட்டார்.

சித்தி ரோஷக்காரி. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் பையைப் பிடுங்கிப் புத்தகத்தை எடுத்துக்கொள்வாள். நான் இரண்டு முறை படித்தும் மண்டையில் ஏறாத பாடம் அவளுக்கு ஒரே வாரத்தில் தண்ணீர்பட்ட பாடாகிவிடும். மழைக்காலம் வருவதற்குள் புத்தகம் முழுக்க மனப்பாடம். என்ன பிரயோசனம்? அந்தத் தமிழை எங்கள் ஊரில் ஒருவரும் பேசவில்லையே!

காய்காரம்மாவிடம் போய், "அம்மா, கத்தரிக்காய் என்ன விலைக்கு விற்கிறீர்கள்?" என்று கேட்டாள். காய்காரம்மா கூடையை இறக்காமல் நின்றாள். பிறகு, "ரேடியோப் பொட்டியாட்டம் பேசுறாங்க பாரேன்!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். அன்றிலிருந்து சித்தி வாயைத் திறந்தால் சிரிப்புதான். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, சத்தியமாக. ஆசையாகத்தான் சிரித்தார்கள். வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால், "இன்னொருக்கா சொல்லு கண்ணு, இவங்க கேக்கட்டும்" என்று சொல்லச் சொல்லி மறுபடியும் சிரித்தார்கள்.

நாங்கள் பேசியதும் அவளுக்குப் புரியாது. வூடு என்ற சொல் எந்தப் பாடத்தில் வருகிறது என்று பக்கம் பக்கமாகத் தேடுவாள். அவள் முழித்தால் பெரியம்மா அதே வாக்கியத்தை இன்னும் சத்தமாகச் சொல்வாள். சத்தமாகச் சொன்னால் எந்த ஊர்க்காரருக்கும் தமிழ் புரிந்துவிடும் என்பது எங்கள் குடும்பத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. கடைசியில் சித்தியின் பேச்சு தேய்ந்து தேய்ந்து மூன்று வாக்கியங்களில் வந்து நின்றது. சாப்பிட்டேன். நலமாக இருக்கிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. "வாய் தொறக்காத மருமவ கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்று அம்மா மெச்சிக்கொண்டாள். சொல்லும்போது என்னை ஒரு பார்வை வேறு பார்த்தாள். நான் அப்போதே ஊரறிந்த வாயாடி.

அந்த வருஷம் சித்தப்பாவிடமிருந்து வெகுநாள் தகவலே இல்லை. பட்டாளத்துக்காரன் வீட்டில் தபால் நின்றால் சோறு இறங்காது. பெரியப்பா, தம்பி உயிருக்கு ஆபத்து வரக்கூடாதென்று முனியப்பனுக்குக் கிடா நேர்ந்துகொண்டார். நல்ல கறுப்புக் கிடா. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுவண்டி கட்டிக்கொண்டு குடும்பத்தோடு கோயிலுக்குப் போனோம்.

கிடாவுக்கு மாலை போட்டு, அதன் முதுகில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி ஒப்புக்கொண்டதாக அர்த்தம். சிலுப்பாவிட்டால் குடும்பத்தில் யாரோ மனத்தாங்கலோடு நிற்கிறார்கள் என்று அர்த்தம். அவர்கள் அதை எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சொல்லும்வரை அரிவாளைத் தொடக்கூடாது.

எங்கள் கிடா சிலுப்பவில்லை. சொம்பு சொம்பாக ஊற்றினார்கள். அது தன் கழுத்து மாலையைத் தானே தின்றுகொண்டு கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றது. பெரியப்பாவுக்கு வேர்த்துவிட்டது. "வூட்டுல ஆருக்கோ மனசு கோணியிருக்குதுங்க. மறைக்காம சொல்லிடுங்க" என்றார் பூசாரி.

அவ்வளவுதான், ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். காதுகுத்துக்குத் தன் அண்ணனை ஒழுங்காகக் கூப்பிடவில்லை என்று பெரியம்மா அழுதாள். கிணற்றுப் பக்கத்து நிலம் தனக்கு வரவில்லை என்று அப்பா தலையைக் குனிந்தபடி சொன்னார். அக்காவுக்கு மட்டும் பட்டுப்பாவாடை எடுத்தார்கள் என்று நானும் என் பங்குக்குச் சொல்லிவைத்தேன். கிடா எங்கள் ஒருவரையும் மதிக்கவில்லை.

எல்லாக் கண்ணும் சித்தி மேல் திரும்பின. பெரியப்பா கையெடுத்துக் கும்பிடாத குறைதான். "ஏம்மா, மனசுல ஏதாச்சும் இருந்தா சொல்லிப்புடும்மா. தம்பி உசுரு சமாச்சாரம்."

சித்தி நிமிர்ந்து, பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். "எனக்கு ஒரு குறையும் இல்லை. அனைவரும் என்னிடம் அன்பாக இருக்கிறீர்கள்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பூசாரி இன்னொரு சொம்பு ஊற்றினார். கிடா நின்றது நின்றபடியே நின்றது.

சித்தி சிரிப்பு வந்த பக்கம் பார்த்தாள். பிறகு எங்களை விட்டுவிட்டு, மீசையும் உருட்டு விழியுமாக உட்கார்ந்திருந்த முனியப்பனைப் பார்த்து இந்தியில் பேச ஆரம்பித்தாள். முதலில் மெதுவாகத்தான். போகப்போகக் குரல் ஏறியது. அப்பாடி, என்ன வேகம்! எங்கள் அம்மாகூட அவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதில்லை. எங்களைக் காட்டிக் காட்டிப் பேசினாள், மார்பில் அடித்துக்கொண்டாள், கெஞ்சினாள், திட்டினாள். கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. ஆறு மாதப் பேச்சு மொத்தமும் அங்கே கொட்டியது. எனக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள். கிடா கொம்பிலிருந்து வால்வரைக்கும் ஒரு சிலுப்புச் சிலுப்பியது பாருங்கள், எங்கள் எல்லார் மேலும் மஞ்சள் தண்ணீர்! பெண்கள் குலவையிட்டார்கள். ஒரு காலத்தில் ரயில்வே ஸ்டேஷன் போர்டில் இந்தி எழுத்தைத் தார் பூசி அழித்தவர் எங்கள் பெரியப்பா. அவரே கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சாமிக்குத் தெரியாத பாஷையா!" என்றார். அடுத்த வாரமே சித்தப்பா நன்றாக இருப்பதாகத் தகவலும் வந்துவிட்டது. எங்கள் கிடாவுக்கு இந்தி தெரியும் என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

கிடா வெட்டிய அன்று மத்தியானம் கோயில் புளியமரத்தடியில் பந்தி போட்டார்கள். சித்திக்கு ஒரே உபசாரம். "பாரம் எறங்கிடுச்சு, இனி ஒண்ணுமில்ல" என்று பெரியம்மா அவள் முதுகைத் தடவினாள். அம்மா நெஞ்செலும்பாகப் பார்த்துப் பொறுக்கி வைத்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

சித்தி முகம் கழுவிவிட்டு வந்து இலையில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். பெரியப்பா முகத்தைப் பார்த்தாள். பெரியம்மா முகத்தை, அப்பா முகத்தை, குனிந்து பரிமாறிக்கொண்டிருந்த அம்மா முகத்தைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள், ரொம்ப நேரம். நீ என்ன சொன்னாய் என்று எங்களில் ஒருவராவது கேட்க மாட்டோமா என்று அவள் காத்திருக்கிறாள் என்பது ஒன்பது வயதில் எனக்கு எப்படித் தெரியும்? கறி போதவில்லை, கேட்கக் கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன்.

"அம்மா, சித்திக்கு இன்னும் கறி வேணுமாம்!" என்று கத்தினேன்.

அம்மா ஓடிவந்து கரண்டி நிறைய அள்ளி வைத்தாள். சித்தி இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "போதும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.