பின்பாதிக்காரி

கண்ணாடிக் கடையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறவளுக்கு ஊரில் பாதிப் பேரின் கண் தெரியும், பெயர்தான் தெரியாது. கணவரோடு தெருவில் நடக்கும்போது, "அதோ போறாரு பாருங்க, பிளஸ் ரெண்டரை" என்றுதான் ஆளைக் காட்டுவாள். "என்னைக் கட்டிக்கிட்டப்போ நான் எத்தனை?" என்று அவர் ஒருநாள் கேட்டார். "உங்களுக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் அப்ப கண்ணு சரியில்ல" என்றாள். மனுஷன் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

படிக்கிற கண்ணாடிக்கு வருகிறவர்களை, வீட்டில் எதைப் படிக்கிறார்களோ அதையே எடுத்துவரச் சொல்வது அவள் வழக்கம். சுவரில் தொங்கும் எழுத்து அட்டையை எல்லோரும் மனப்பாடமாக ஒப்பித்துவிடுகிறார்கள் என்பது அவள் கட்சி. மாத்திரைச் சீட்டு வரும், செய்தித்தாள் வரும். ஒருவர் தன் மனைவி எழுதி வைத்துவிட்டுப் போன சமையல் குறிப்பை நாலாக மடித்துக் கொண்டுவந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு நர்ஸம்மா வந்தார். "பொண்ணுக்குத் தினம் கொஞ்சம் படிச்சுக் காட்டுவேன். இப்பல்லாம் எழுத்து எறும்பு மாதிரி ஓடுது" என்று பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வைத்தார். அட்டைப்படம் புதிது. தலைப்பு பழையது: 'காற்று நின்ற ஊர்'. லென்ஸ் பெட்டியைப் பிடித்திருந்த இவள் கை நின்றுவிட்டது.

அந்தப் புத்தகத்தின் பின்பாதியை அவள் வரிக்கு வரி சொல்லுவாள். முன்பாதியைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

அம்மா நடத்திய வீட்டில் எதுவும் முழுசாக யாருக்கும் கிடைக்காது. சோப்பை நூல் போட்டு இரண்டாக அறுப்பாள், துண்டை இரண்டாகக் கிழித்து ஓரம் அடிப்பாள், பென்சிலை நடுவில் வெட்டி இரண்டையும் சீவிக் கொடுப்பாள். தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறவளுக்குப் பிள்ளைகள் சண்டை என்றால் ஆகாது. அப்பாவின் சிநேகிதர் ஒருவர் ஒரேயொரு புத்தகத்தைக் கொண்டுவந்து, "ரெண்டு பேரும் படிங்க" என்று வைத்துவிட்டுப் போனார். நல்ல மனுஷன், விவரம் தெரியாதவர். அரை மணி நேரத்தில் அக்காள் கையில் தலைமுடியும் தங்கை கையில் அட்டையும் இருந்தன. அம்மா மிஷினை நிறுத்தினாள். துணி வெட்டும் கத்திரியால் நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தோடு புத்தகத்தை இரண்டாக்கி, தனித்தனியாகத் தைத்துப் போட்டாள். "முடிச்சதும் மாத்திக்கங்க. சத்தம் கேட்டா அடுப்புல போட்டுடுவேன்." மூத்தவள் முன்பாதியை எடுத்துக்கொண்டாள்.

மாற்றிக்கொள்ளவே இல்லை. அக்காளுக்கு அப்போது பதினொன்று, இவளுக்கு ஏழு. அக்காள் இரண்டே நாளில் படித்து முடித்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு திரிந்தாள். இவள் எழுத்துக்கூட்டி மாதக்கணக்கில் படித்தாள், படித்த பிறகும் கொடுக்கவில்லை. கொடுத்தால் திரும்பி வராது என்று பயம். "முதல்ல நீ குடு" என்றே நின்றாள். இவளுடைய கதை நடு வாக்கியத்தில் ஆரம்பித்தது: 'என்று ஆமை முணுமுணுத்தது.' என்ன முணுமுணுத்தது என்று யார் கண்டது?

ஆமைக்கு முன்னால் நடந்ததை அக்காள்தான் பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் சொன்னாள். ஓர் ஊரில் காற்று நின்றுவிடுகிறது. துணி காயவில்லை, கூப்பிட்டால் அடுத்த வீட்டுக்குக் கேட்கவில்லை. காற்று எங்கே தூங்குகிறது என்று தேடி ஒரு பெண் கிளம்புகிறாள். கூடவே அவள் தங்கச்சி. குட்டி வாயாடி, பசி தாங்காதவள், பாதி வழியில் தூக்கிக்கொள் என்று அடம்பிடிப்பவள். உப்பு ஆற்றின் மேல் ஒரு பாலம், பொய் சொன்னால்தான் கடக்கவிடும். அக்காக்காரி வாய் வராமல் நிற்க, 'எனக்குப் பசியே எடுக்காது' என்று தங்கச்சி ஒரே போடாகப் போட்டு இருவரையும் கரை சேர்க்கிறாள். இந்த இடத்தை மட்டும் இவள் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பாள்.

ஆனால் இவளிடமிருந்த பின்பாதியில் அந்தத் தங்கச்சி கிடையாது. பெண்ணும் ஆமையும் மட்டும்தான். "ஆமை என்ன முணுமுணுத்துச்சு? தங்கச்சி எங்க போனா?" என்று கேட்டால், "உன் பாதியக் குடு, சொல்றேன்" என்பாள் அக்காள். பின்பாதியில் என்ன நடக்கிறது என்று அக்காள் கேட்டால் இவள் உதட்டை இறுக்கிக்கொண்டு ஓடிவிடுவாள். பிறகு அக்காளுக்குக் கல்யாணமாகி முன்பாதியும் பெட்டியோடு வேறு ஊருக்குப் போனது. "அந்தப் புத்தகமா? அதெல்லாம் எப்பவோ வாங்கி முழுசாப் படிச்சாச்சு" என்று ஒரு தடவை வந்தபோது சொன்னாள். இவளும் ஒன்று வாங்கியிருக்கலாம். முன்பாதி அக்காளுடையது என்று மனசில் பதிந்துபோயிருந்தது, வாங்கவில்லை.

அம்மா கடைசி இரண்டு வருஷம் இவள் வீட்டில் படுக்கையாகக் கிடந்தாள். "ஆறு மாசம் என்கிட்ட இருக்கட்டும்டி" என்று அக்காள் மூன்று தடவை நேரில் வந்து கேட்டாள். "அங்கயும் இங்கயும் தூக்கிட்டு அலைய முடியாது" என்று இவள் முகத்தில் அடித்தாற்போல் சொன்னாள். மூன்றாவது தடவை செருப்பை மாட்டிக்கொண்டே அக்காள் சொன்னாள்: "நீ எப்பவும் குடுக்க மாட்ட." அம்மா போன அன்று வந்தாள், ஒரு வார்த்தை பேசாமல் போனாள். பதினோரு வருஷம் ஆகிறது. கழுவித் துடைத்துப் பார்த்தவள் நான், என்னைப் போய் இப்படிச் சொல்லலாமா என்ற கோபத்திலேயே ஏழெட்டு வருஷம் ஓடியது. அப்புறம் கோபம் எங்கே போனதோ தெரியவில்லை, அக்காள் வேண்டும் என்பது மட்டும் மிஞ்சியது. போனைக் கையில் எடுப்பாள். எதைச் சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வைத்துவிடுவாள்.

"கண்ணாடி வியாழக்கிழமைதான் ரெடியாகும்" என்றாள் நர்ஸம்மாவிடம். "அதுவரைக்கும் இந்தப் புத்தகம் என்கிட்ட இருக்கட்டுமா?"

"கண்ணாடி இல்லாம எனக்கென்ன படிப்பு? வச்சுக்கங்க."

மதியச் சாப்பாட்டு நேரத்தில், லென்ஸ் தேய்க்கும் பின்னறையில் உட்கார்ந்து அவள் முதல் பக்கத்தைத் திறந்தாள். ஏழு வயதில் காதால் கேட்ட உப்பு ஆறு கடல் அகலம் இருந்தது. புத்தகத்தில் அது ஆறே வரி. அந்தப் பெண்ணின் அம்மா இரண்டாம் பக்கத்தில் ஒரு தடவை வருகிறாள், காயாத துணியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள், அவ்வளவுதான். அந்த வரியை இவள் நாலு தடவை படித்தாள். மகள் போன பிறகு அந்தத் துணியை அவள் என்ன செய்தாள் என்று எழுதியவருக்குத் தோன்றவே இல்லையே என்று ஆத்திரமாக வந்தது.

புதன்கிழமை மதியம் பாதிப் புத்தகம் முடிந்தது. ஆமை முணுமுணுத்தது என்னவென்றால், 'எனக்குக் கால் வலிக்கிறது.' நாற்பத்தைந்து வருஷமாக இதற்கா காத்திருந்தோம் என்று வாய்விட்டுச் சிரித்தாள்.

சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. தங்கச்சி வரவே இல்லை. முதலிலிருந்து விரல் வைத்துத் தேடினாள். பாலத்தில் பொய் சொன்னதும் அந்தப் பெண்தான், 'எனக்கு வீட்டு நினைப்பே இல்லை' என்று. தனியாக வந்து, தனியாகச் சொல்லி, தனியாகக் கடந்துபோகிறாள். யாரைப் பார்த்து அக்காள் அந்த வாயாடியை உண்டாக்கினாள் என்று தெரிந்துகொள்ள ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

இந்தத் தடவை போனை வைக்கவில்லை.

"நான்தான் பேசறேன்" என்றாள்.

"சொல்லு" என்றது அக்காள் குரல். வயதாகியிருந்தது.

"முன்பாதியப் படிச்சேன்க்கா. அதுல தங்கச்சியே இல்லையே."

அங்கே நாற்காலி இழுபடும் சத்தம். "இல்லடி. மொத நாள் உள்ளபடிதான் சொன்னேன். அவ தனியாக் கிளம்பறான்னதும் நீ நடு ரோட்டுல உக்காந்து அழுத. பள்ளிக்கூடத்துல மணி அடிச்சுட்டாங்க. நான் என்ன பண்ணுவேன்? கூட அவ தங்கச்சியும் போறான்னு சொல்லிட்டேன். அப்புறம் அவளை எங்க விடறதுன்னு தெரியல. பின்பாதியில என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாதே."

"நீதான் முழுசா வாங்கிப் படிச்சாச்சுன்னு சொன்ன?"

"சும்மா சொன்னேன். நீ குடுத்துப் படிக்கணும்னு இருந்தேன். நீதான் குடுக்கவே இல்லையே."

அதே வார்த்தை. அன்று செருப்பு மாட்டும்போது கேட்டதும் இதே குரலில்தான் இருந்திருக்க வேண்டும். இவள்தான் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டாள்.

"அம்மாவ உன்கிட்ட அனுப்பியிருக்கணும்க்கா. தப்புப் பண்ணிட்டேன்."

"அந்தப் பொண்ணுக்குக் காத்து கிடைச்சுதாடி?" என்று கேட்டாள் அக்காள்.

முன்னால் கடையில் யாரோ மணியைத் தட்டினார்கள். இவள் எழுந்து பின்னறைக் கதவைச் சாத்தினாள்.

"ஆமை கால் வலிக்குதுன்னு உக்காந்துடுச்சா," என்று ஆரம்பித்தாள், "அதனால மலைமேல ரெண்டு பேரு மட்டும் ஏறினாங்க."

"ரெண்டு பேரா?"

"ரெண்டு பேருதான். நடுவுல பேசாத, கேளு."