மாரிச்செல்விக்கு வெடி வேண்டாம் என்றேன்

மாரிச்செல்வி போய்விட்டாள்...

எங்கள் பனியன் கம்பெனியில் ஆறாவது லைன், ஓவர்லாக் டெய்லர். நேற்றுக் காலை, வீட்டு வாசலில் குடத்தோடு நின்றவள். தண்ணீர் லாரிக்காரர் சந்து முனையில் ஹாரன் அடித்திருக்கிறார். அவ்வளவுதான்.

லாரிக்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை. அவருக்கு என்ன தெரியும்...

நான் அந்த லைனுக்கு சூப்பர்வைசர். திருப்பூரில் சூப்பர்வைசர் வேலைக்குப் படிப்பை விடத் தொண்டைதான் முக்கியம். என் தொண்டையைப் பற்றி இதைப் படிக்கும் பழைய நண்பர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

செல்வி சங்கரன்கோவில் பக்கம். கணவர் விபத்தில் போன பிறகு மகள் துர்காவோடு இங்கே வந்தாள். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, டீ டைம் சைரன் அடித்ததும் மெஷின் மேலேயே சாய்ந்தாள். வலிப்பு என்று நினைத்து ஆளாளுக்கு இரும்பைத் தேடினோம். சாவிக்கொத்து, நூல் வெட்டும் ட்ரிம்மர், கடைசியில் ஒரு ஸ்பேனர்... எல்லாவற்றையும் கையில் திணித்தோம். கண்ணைத் திறந்து பார்த்தவள், "ஏன் அண்ணாச்சி, என்னைய மெக்கானிக் ஆக்கிட்டியளா?" என்றாள்.

அப்புறமும் விழுந்தாள். எப்போதும் சைரனுக்குத்தான், இல்லையென்றால் பக்கத்தில் யாருடைய போனாவது அலறினால். கோவையில் ஒரு பெரிய டாக்டர் இசிஜி பார்த்துவிட்டு, இது வலிப்பே இல்லை, இதயம் என்றார். தினமும் போட மாத்திரையும் கொடுத்தார்.

திரும்பி வந்து எங்களுக்குப் பாடம் எடுத்தாள். இதயத்தின் ஒவ்வொரு செல்லிலும் அயன் சேனல் என்று குட்டிக் குட்டி வாசல்கள் இருக்கிறதாம். சோடியமும் கால்சியமும் உள்ளே வந்தால் துடிக்கும். பொட்டாசியம் வெளியே போனால்தான் அடுத்த துடிப்புக்குத் தயாராகும். இவளுக்கு அந்தப் பொட்டாசியம் வாசல் பிறவியிலேயே மந்தம்.

"திடுக்குன்னு ஆச்சுன்னா அட்ரினலின் வந்து செல்லு வெளிய தட்டும் அண்ணாச்சி. உள்ள ஒரு என்சைம் உடனே சிக்னல் தயார் பண்ணும். இன்னொரு என்சைம் அத வாங்கிட்டு, ஓடு ஓடுன்னு எல்லா வாசலையும் முடுக்கும். அந்த என்சைம் உங்கள மாதிரிதான்னு வைங்களேன்..."

"ஏன் அம்மிணி, நானா கெடச்சேன்?"

"நீங்க வெரட்டுனா லைன்ல எல்லாரும் ஓடுவாவ. ஒரு டேபிள் மட்டும் மெதுவா இருந்தா? பீஸ் அங்கயே குமிஞ்சிரும். லைனே படுத்துரும்லா. என் நெஞ்சுக்குள்ள அதுதான் நடக்கு."

"அப்ப மாத்திரை என்னத்தப் பண்ணுமாம்?"

"தட்டுத சத்தம் உள்ள கேக்காம, சூப்பர்வைசர் காதுல பஞ்ச வச்சு அடைச்சிரும்."

லைனே சிரித்தது. நானும்தான்.

அதற்கு அப்புறம் எங்கள் லைன் ஒரு மாதிரி ஆகிப்போனது. முதலாளியிடம் கேட்டு சைரனைக் கழற்றிவிட்டுச் சிவப்பு பல்பு மாட்டினோம். போன் எல்லாம் சைலன்ட். அவளை யாரும் பின்னால் இருந்து கூப்பிட மாட்டார்கள், முன்னால் வந்து கையைக் காட்டுவார்கள். மெஷின் சத்தம் நாள் முழுக்கக் காதைப் பிளக்கும், அது அவளை ஒன்றும் செய்யாது. திடீர் சத்தம்தான் ஆகாது. இது புரியாமல் மற்ற லைன்காரர்கள் எங்களை ஊமைப்பட கோஷ்டி என்று ஓட்டினார்கள்.

பீகார் பையன்கள், எங்கள் ஊர்க்காரர்கள், தெற்கத்திக்காரர்கள்... எல்லோருக்கும் ஒரே பாஷை, கைதான். நான் வீட்டிலும் கத்துவதை விட்டுவிட்டேன். என் மனைவி இதற்காகவே செல்விக்கு ஊத்துக்குளி வெண்ணெய் கொடுத்து அனுப்பினாள்.

இரண்டு வருடம் அவள் விழவே இல்லை.

இந்த வாரம் வயிற்றுப்போக்கு, வாந்தி. மாத்திரை உள்ளே நிற்கவில்லை. உடம்பில் பொட்டாசியமும் இறங்கியிருக்கும், மந்தமான வாசல் இன்னும் மந்தமாகியிருக்கும் என்றார் டாக்டர். லீவு கேட்டு போன் பண்ணினாள். "நல்லா ரெஸ்ட் எடு அம்மிணி" என்றேன். அதுதான் கடைசியாகப் பேசியது...

இன்று எடுத்தோம். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் கொட்டு ஏற்பாடு செய்து, ஒரு பை நிறைய வெடியும் வாங்கி வந்திருந்தார்கள்.

பாடைக்குப் பக்கத்தில் துர்கா நிற்கிறாள். ஒன்பதாவது படிக்கிறாள். போன வருடமே இசிஜி எடுத்தாயிற்று. அம்மாவுக்கு இருந்த அதே குறை அவளுக்கும். இரண்டு நாளாக அவளும் மாத்திரை போட்டாளோ இல்லையோ, கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

செல்வியின் சித்தப்பா வெடிச்சரத்தைப் பிரித்துத் தெருவில் விரித்துவிட்டார். ஓடிப்போய் அதன் மேலேயே நின்றேன்.

"வெடி வேண்டாமுங்க."

"வெடி போடாம தூக்குனா ஊர்ல என்ன பேசுவாவ? அவ என்ன அநாதப் பொணமாய்யா?"

அவர் கேட்டது நியாயம்தான். அந்த மனிதருக்கு அழுது அழுது முகமே வீங்கிப் போயிருந்தது. ஆனால் எனக்கு அயன் சேனலையும் என்சைமையும் விளக்க அங்கே நேரம் இல்லை. தீப்பெட்டி அவர் கையில் இருந்தது.

"புள்ளைக்கும் அதே வியாதிங்க. இன்னைக்கு ஒருத்தியத் தூக்கறோம். ரெண்டு பேரையும் தூக்கோணுமாங்க?"

அவர் துர்காவைத் திரும்பிப் பார்த்தார். தீப்பெட்டியை மடியில் கட்டிக்கொண்டு அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார். கொட்டுக்காரர்கள் யாரும் சொல்லாமலே தோளிலிருந்து கொட்டை இறக்கினார்கள்.

கொட்டு இல்லை, வெடி இல்லை, சங்குகூட இல்லை. தெருக்காரர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும். வாய்விட்டு அழக்கூடப் பயந்துகொண்டு வாயில் துண்டை வைத்து அழுதபடி நடந்தோம்.

துர்கா இப்போது எங்கள் வீட்டில். நாளைக்குக் கோவை டாக்டர். தனக்கு என்ன மருந்து கொடுக்கலாம், எது கூடாது, எல்லாவற்றையும் அவளே என் மனைவிக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அம்மா மாதிரியே கையை ஆட்டி ஆட்டி.

அம்மிணி... உன் மகள் ரசம் சாதம் கொஞ்சம் சாப்பிட்டாள். மாத்திரையும் போட்டாள். நான் பார்த்தேன்.

போய் வா.