பூக் கேட்கப் போன இடத்தில் என் வாய் திறந்தது

அம்மனை நம்பியிருக்கும் சகோதரிகளே, இதை எழுதக் கூசுகிறது. பிள்ளை வரம் கேட்டுக் கோயில் கோயிலாக ஏறி இறங்கும் பெண்கள் இதைப் படித்தால் என்னைத் திட்டத்தான் செய்வார்கள். திட்டட்டும்.

எழுபத்தெட்டாம் வருடம் ஐப்பசியில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாய்வீட்டில் சுகப்பிரசவம். பார்க்க வந்தவர்கள் எல்லாம் கொஞ்சித் தீர்த்தார்கள். எனக்கு மட்டும் ஒன்றுமே தோன்றவில்லை. யார் வீட்டுக் குழந்தையையோ என் மடியில் போட்டுவிட்டுப் போனது போல இருந்தது. புகுந்த வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும் என்றாள் அம்மா.

மூன்றாம் மாதம் வெண்ணந்தூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டுக்கு வந்தேன். ஓயாமல் பேசும் மாமியார், வாயே திறக்காத கணவர். இருவருமே நல்லவர்கள். ஒரு குறையும் சொல்ல முடியாது. அதனாலேயே எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது. குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வராது. சோறு மண் மாதிரி இருந்தது. குழந்தை அழும், நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். காரணமில்லாமல் அழுகை வரும். கிணற்றுப் பக்கம் போகவே பயந்தேன். போனால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. “தாயே, என்னை எடுத்துக்கொள்” என்பதுதான் என் வேண்டுதலாக இருந்தது. அம்மனிடம் போய்க் கேட்கிற வரமா அது!

மாமியார் ஜோசியரிடம் போய் வந்தார். “புள்ளையோட நேரம் பெத்த ஆத்தாளுக்கு ஆவறதில்லையாமா. கொஞ்ச நாளைக்குப் பெரியவ ஊட்டுல வளரட்டும்” என்றார். பெரியவள் என்றது என் நாத்தனாரை. அவருக்குக் குழந்தை இல்லை. தங்கமான மனுஷி. அதைக் கேட்டதும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. சொந்தக் குழந்தையைக் கொண்டுபோகிறேன் என்கிறார்கள், எனக்கு நிம்மதி! இன்றுவரை என்னைச் சுடுவது அதுதான்.

எங்கள் பக்கத்தில் பூக் கேட்காமல் பெரிய காரியம் எதுவும் செய்ய மாட்டோம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் வைத்து, கேட்க வேண்டியதை எல்லோர் முன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டும். பூசாரி ஒரு பொட்டலத்தை எடுப்பார். வெள்ளை வந்தால் அம்மனுக்குச் சம்மதம், சிவப்பு என்றால் வேண்டாம். அதற்குமேல் மறுபேச்சு கிடையாது.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை குலதெய்வக் கோயிலுக்குப் போனோம். குழந்தை நாத்தனார் மடியில் இருந்தது. மாமியார் கைகூப்பி, “தாயே, இந்தப் புள்ளையால பெத்த ஆத்தாளுக்கு வந்த கெடுதி நீங்கோணும். புள்ளையப் பெரியவகிட்டக் குடுத்தர்லாமா, சொல்லு” என்றார்.

பூசாரி எங்களைப் பார்த்தார். “ஆருக்காச்சும் மனசுல வேற இருந்தா இப்பவே சொல்லீருங்க. பூ எடுத்தப்பறம் பேசப்படாது.”

கண்ணை மூடினேன். அன்றைக்குச் சாவு கேட்கத் தோன்றவில்லை. “தாயே, பாலுக்கு அழுததைத் தவிர இந்தக் குழந்தை என்ன பாவம் செய்தது? நீதான் வழிகாட்ட வேண்டும்” என்று மட்டும் வேண்டினேன். அடுத்து கேட்டது என் குரல்தான்.

“புள்ள மேல பழி போடாதீங்க அத்தை. அது ஒண்ணும் பண்ணுல. எனக்குத்தான் என்னமோ ஆயிப்போச்சு. புள்ளையப் பாத்தா ஒண்ணுமே தோண மாட்டேங்குது. செத்தரலாம்னு இருக்குது.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தேன். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். ஓயாமல் பேசும் மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பேசாத என் கணவர்தான் பேசினார். “பூசாரிங்க, கேக்கறத மாத்திக் கேக்கலாமுங்களா? இவளைச் சேலத்துல டாக்டர்கிட்டக் காட்டலாமான்னு கேளுங்க.”

வெள்ளை வந்தது.

சிவப்பு வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று பிற்பாடு அவரிடம் கேட்டேன். “அப்பவும் கூட்டிட்டுத்தான் போயிருப்பேன். ஆத்தாகிட்ட அப்பறம் மன்னிப்புக் கேட்டுக்கலாம்னு இருந்தேன்” என்றார். இப்படிப்பட்ட மனிதரைக் கொடுத்ததும் அந்த அம்மன்தானே!

சேலத்து டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டார். பிள்ளை பெற்ற பெண்களில் சிலருக்கு வருகிற நோய் இது, மருந்து இருக்கிறது, நீ கெட்டவள் இல்லை என்றார். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டு அங்கேயே அழுதேன். ஊருக்கு உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை வாங்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு போவோம். ஒவ்வொரு தடவையும் பருப்பும் மிளகாயும் தூக்கிக்கொண்டு வந்ததில் வீட்டில் பானையெல்லாம் நிறைந்துபோனது. குழந்தையை யாரிடமும் கொடுக்கவில்லை, மாமியாரே பார்த்துக்கொண்டார். என்னையும் தனியாக விடவேயில்லை. மாத்திரை விழுங்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்.

ஒரே நாளில் குணமாகவில்லை. மெல்ல மெல்லத் தூக்கம் வந்தது, பசி வந்தது. ஆடி நோன்பிக்கு நாத்தனார் வந்தார். குழந்தையை இடுப்பில் வைத்து வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தார். அது அவர் தோளுக்கு மேலாக என்னை எட்டிப் பார்த்துச் சிரித்தது. என் நெஞ்சை என்னவோ செய்தது. ஓடிப்போய் இரண்டு கையையும் நீட்டினேன்.

“குடுங்க அண்ணி. என்ற புள்ளையக் குடுங்க.”

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டே கொடுத்தார்.

இப்போது என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். எங்கள் ஊரில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் நான் முதலில் தாயின் பக்கத்தில்தான் உட்காருகிறேன். “உனக்கு எப்படி இருக்குது சாமி?” என்று கேட்கிறேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டார்கள்.

சாவைக் கேட்டவளுக்கு அம்மன் பேச்சைக் கொடுத்தாள். உங்களுக்கும் கொடுப்பாள், நம்பிக் கேளுங்கள். அவள் உங்கள் வாயைத் திறந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடிக்கொள்ளாதீர்கள். வீட்டில் சொல்லுங்கள், டாக்டரிடம் போங்கள். இதை எழுதி முடிக்கிற இந்த நேரத்திலும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.