மெய்ப்பொருளார் வீடு

கடலை வேகும் மணமும் செம்பனை எண்ணெய் ஆலையிலிருந்து காற்றில் வரும் புளித்த நெடியும் ஒன்றாக மூக்கில் ஏறினால், எங்கள் தோட்டத்தில் அன்றைக்கு யாரோ ஒரு நாயனாருக்குக் குருபூசை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். ஜாசின் பட்டணத்திலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையின் கடைசியில், மேட்டின் மேல் தகரக் கூரை போட்ட ஒரு சிவன் கோயில், அதன் கீழே வரிசை வரிசையாகத் தொழிலாளர் குடியிருக்கும் "லயத்து" வீடுகள், சுற்றிலும் "கித்தா" என்கிற ரப்பர் மரங்களை அழித்துவிட்டு நட்ட செம்பனை. இவ்வளவுதான் எங்கள் உலகம். அறுபத்து மூன்று நாயன்மார்களுக்கும் சிலை வைக்க எங்களிடம் வசதி ஏது? கோயில் சுவரில் கண்ணாடி போட்ட படம் ஒன்று மட்டும் இருந்தது. பள்ளிக்கூடத்து வகுப்புப் படத்தில் நிற்கிற மாதிரி அறுபத்து மூவரும் அதில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள்.

சிலைக்குப் பதிலாக எங்கள் ஆட்கள் ஒரு காரியம் செய்து வைத்திருந்தார்கள். நாயன்மார்களை வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு ஒருவர், சில வீடுகளுக்கு இருவர். அந்த நாயனாரின் நட்சத்திரம் வரும் நாளில் அந்த வீட்டார்தான் சுண்டல் செய்து, எல்லாரையும் கோயிலில் உட்காரவைத்து, அவருடைய கதையைச் சொல்ல வேண்டும்; அதோடு, அவர் செய்த தொண்டில் ஒரு நகத்தளவாவது அன்றைக்குச் செய்தும் காட்ட வேண்டும். இளையான்குடி மாறனார் கிடைத்த வீட்டில் அன்று யார் வந்தாலும் சோறு. கண்ணப்பர் வீட்டுக்காரர் சாமிக்குக் கறி படைத்தே தீருவேன் என்று வருஷா வருஷம் அடம்பிடிப்பார், கோயில் தலைவர் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுப்பார். வீடுகளுக்கு நம்பர் இருந்தும் யாரும் அதைச் சொன்னதில்லை. "மாறனார் வீட்டுல மறுபடியும் சண்டையாம்லா," "கண்ணப்பர் வீட்டு மோட்டார் சைக்கிளைக் காணோமாம்" என்றுதான் ஊர்ப்பேச்சு நடக்கும்.

எங்கள் வீடு "மெய்ப்பொருளார் வீடு". மெய்ப்பொருள் நாயனார் ஒரு ராஜா. திருநீறு பூசியவர் யாராக இருந்தாலும் அவரைச் சிவனாகவே பார்த்தவர். போரில் அவரை ஜெயிக்க முடியாத எதிரி ராஜா ஒருவன், உடம்பெல்லாம் திருநீறு பூசிக்கொண்டு, ஏட்டுக்கட்டுக்குள் கத்தியை ஒளித்து, அடியார் வேஷத்தில் அரண்மனைக்குள் நுழைந்து, தன்னை வணங்கிய ராஜாவைக் குத்திவிடுகிறான். காவல்காரன் வாளை ஓங்குகிறான். உயிர் போய்க்கொண்டிருக்கும் ராஜா அவனைத் தடுத்து, இவர் நம்மவர், யாரும் தொடாமல் ஊரெல்லை தாண்டி விட்டுவிட்டு வா என்கிறார். காவல்காரன் திரும்பி வந்து, பத்திரமாக விட்டுவிட்டேன் என்று சொல்லும்வரை உயிரைப் பிடித்து வைத்திருந்து, அதன் பிறகே கண்ணை மூடுகிறார்.

இந்தக் கதையைச் சொல்வது என் அம்மா. மரத்தடியில் சிதறிய செம்பனைப் பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டுகிற வேலை அம்மாவுக்கு. எழுதப் படிக்கத் தெரிந்தது கொஞ்சம்தான். ஆனால் கதை சொல்ல உட்கார்ந்தால், அடேயப்பா, அந்தத் தகரக் கூரை அரண்மனையாகிவிடும். ராஜாவைக் குத்தும் இடத்தில் பெண்கள் எல்லாரும் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள். அன்றைக்குத் திருநீறு பூசிக்கொண்டு வரும் யாரையும் "நம்ம ஆளு" என்று கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டும், அதுதான் எங்கள் வீட்டுத் தொண்டு. "நமக்கு வாய்ச்சவரு சுலபமான நாயனாரு, செலவே இல்ல," என்று அப்பா கிண்டலடிப்பார்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் என் கூடப்பிறந்த சேகர் அண்ணன் செத்துப்போனார். பழக்குலை ஏற்றும் லோரியின் பின்னால் தொங்கிக்கொண்டு போவது தோட்டத்துப் பையன்களுக்கு ஒரு விளையாட்டு. லோரி ஓட்டிய மணியம் மாமா அன்றைக்குப் பின்னால் பார்க்காமல் லோரியைப் பின்னுக்கு எடுத்ததில் அண்ணன் அடியில் சிக்கிக்கொண்டார். மாமா என்றால் சொந்தமில்லை. ஆனால் எங்கள் வீட்டில் கை நனைக்காத நாள் அவருக்குக் குறைவு. பயத்தில் அப்படியே கிளேபாங்கில் இருந்த உறவுக்காரர் வீட்டுக்கு ஓடியவர், சாவுக்கும் வரவில்லை, கருமாதிக்கும் வரவில்லை. "தூக்கி வளத்த பிள்ளைடி அவனுக்கு. வந்து ஒரு பிடி மண்ணு போட்டானா? அவன் மூஞ்சியில இனி முழிக்க மாட்டேன்," என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அப்பா கத்தவில்லை. "தோட்டத்துக்குள்ள கால் வச்சான்னா திரும்பிப் போக மாட்டான்," என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அவர் வெறும் பேச்சு பேசுகிறவர் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

கார்த்திகை பிறந்தது. மெய்ப்பொருளாரின் நட்சத்திரமான உத்திரமும் வந்தது. இந்த வருஷம் வேறு யாராவது கதை சொல்லட்டுமே என்று கோயில் தலைவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "பிள்ளை போயிட்டா நாயனாரும் போயிருவாரா? நானே சொல்றேன்," என்றார் அம்மா.

மாலையில் நல்ல மழை. அம்மா பக்கத்தில் திருநீற்றுத் தட்டோடு நான் உட்கார்ந்திருந்தேன். அப்பா வாசல் தூணில் சாய்ந்திருந்தார். அம்மாவின் குரல் முதலில் கம்மிக் கம்மி வந்து, பிறகு மெல்ல மெல்லத் தன் பழைய நடைக்குத் திரும்பியது. எதிரி ராஜா திருநீறு பூசிக்கொண்டு அரண்மனை வாசலுக்கு வந்துவிட்டான். அந்த நேரம் பார்த்து யாரோ படியேறும் சத்தம் கேட்டது. மணியம் மாமா. பாதியாக இளைத்திருந்தார். செருப்பில்லாத கால், தொப்பலாக நனைந்த சட்டை, நெற்றி நிறையப் பூசிய திருநீறு மழையில் கரைந்து மூக்கோரம் வடிந்துகொண்டிருந்தது. கைகூப்பியபடி உள்ளே வந்து நின்றார்.

"நாள் பாத்து வந்திருக்கான் பாரு," என்று பின்னால் ஒரு பெண் முணுமுணுத்தார். உண்மைதான். வருஷத்தில் இந்த ஒரு நாள் மட்டும் திருநீறு பூசிய யாரையும் எங்கள் வீட்டார் விரட்ட முடியாது என்பது அவருக்கும் தெரியும். துணிச்சலா, தந்திரமா, செத்தாலும் சரி என்ற மனசா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அம்மா கதையை நிறுத்திவிட்டார். அப்பா எழுந்தார். தேங்காய் உடைக்க வைத்திருந்த வெட்டுக்கத்தி அவர் கையில் எப்போது ஏறியது என்று யாரும் பார்க்கவில்லை. அண்ணனின் கூட்டாளி குணாவும் இன்னும் சில பையன்களும் எழுந்து, வழியை மறிக்க வெளியே போனார்கள். மணியம் மாமா நகரவே இல்லை. அப்பா ஜெயிலுக்குப் போய்விடுவார், அண்ணனும் இல்லாமல் அப்பாவும் இல்லாமல் நாங்கள் என்ன செய்வோம் என்று மட்டும் எனக்குத் தோன்றியது.

"காவல்காரன் கத்திய ஓங்கினான்," என்று அம்மாவின் குரல் கேட்டது. கதை சொல்லும் அதே குரல். "ராஜா சொன்னாரு, வேணாம்ப்பா, விட்ரு, இவரு நம்ம ஆளு." அதற்கு மேல் அந்தக் குரல் நிற்கவில்லை, உடைந்துவிட்டது. அப்பாவை நேராகப் பார்த்து, "என்னங்க, நம்ம ஆளுங்க. யாரும் தொடாம பெரிய ரோட்டுக்குக் கொண்டுபோய் பஸ் ஏத்திவிட்டுட்டு வாங்க," என்றார்.

ஒரு தகப்பனிடம் கேட்கிற காரியமா அது! அப்பா கத்தியைக் கொண்டுபோய்ச் சந்நிதி முன்னால் வைத்துவிட்டு, "வா," என்று சொல்லி மழைக்குள் இறங்கினார். மணியம் மாமா அம்மாவின் காலை நோக்கிக் குனிந்தார். அம்மா காலை இழுத்துக்கொண்டு, "போங்க," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மேட்டிலிருந்து பார்த்தால் செம்மண் சாலை முழுதும் தெரியும். வளைவில் பையன்கள் மறித்தார்கள். "தள்ளுங்கலா மாமா, நாங்க பாத்துக்குறோம்," என்று அப்பாவிடம் சொன்னார்களாம். அப்பா மணியம் மாமாவின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, "என்னத் தாண்டித் தொடுங்கடா பாப்போம்," என்றாராம். இது குணாவே பிறகு சொல்லி அழுதது. நாங்கள், பையன்கள் ஒதுங்கியதையும் இரண்டு பேரும் மழையில் மறைந்ததையும் மட்டும்தான் பார்த்தோம்.

அம்மா கதையைத் தொடரவில்லை. சுண்டல் ஆறிப்போனது. கோயில் தலைவர் மெதுவாக, "நேரமாவுதும்மா, முடிச்சிரு," என்றார்.

"காவல்காரன் இன்னும் வரலியே," என்றார் அம்மா.

ஒருவர்கூட எழுந்து போகவில்லை. கைக்குழந்தைக்காரிகள்கூட அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அம்மா வயிற்றை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை நாயன்மார் என்றால் எனக்குப் படத்தில் நிற்கும் குட்டி உருவங்கள். அன்றைக்கு ஒருவர் என் பக்கத்திலேயே பழக்கறை படிந்த விரல்களோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். பயமாகவும் இருந்தது, மெய் சிலிர்க்கவும் செய்தது.

அப்பா நனைந்து வந்து வாசலில் நின்று, "விட்டுட்டேன். பஸ் ஏறிட்டான்," என்றார்.

"ராஜா கண்ண மூடிட்டாரு," என்று அம்மா கதையை முடித்தார். முடித்துவிட்டு, அண்ணன் போனபோதுகூட அழாத ஓர் அழுகையை ஓங்கி அழுதார். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

இன்று அந்த லயங்கள் இல்லை. அந்த இடத்தில் இப்போது பெரிய வீடமைப்புத் திட்டம். ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டோம். அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். கோயில் சாலையோரத்துக்கு இடம்பெயர்ந்து, கோபுரமெல்லாம் கட்டி, நன்றாகத்தான் இருக்கிறது. அறுபத்து மூவருக்கும் வரிசையாகச் சிலைகள்கூட வந்துவிட்டன. குருபூசையைக் குருக்கள் காலையிலேயே, நாங்கள் ஆபீசுக்குப் போவதற்குள் முடித்துவிடுகிறார். கதை சொல்ல ஆளில்லை, நாயனார் பெயரில் கூப்பிட ஒரு வீடும் இல்லை.

போன கார்த்திகையில் அம்மாவைக் கைத்தாங்கலாக அங்கே கூட்டிப்போனேன். மெய்ப்பொருளார் முன்னால் நிற்கும்போது, இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டுவிட்டேன். "அன்னிக்கு மணியம் மாமாவ எப்படிம்மா மன்னிச்சீங்க?"

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மன்னிச்சேன்னு யாரு சொன்னா உனக்கு? இன்னிக்கும் மன்னிக்கலடி. பெத்த வயிறு எப்படி மன்னிக்கும்? நெத்தியில திருநீறு வச்சிக்கிட்டு நம்ம முன்னாடி வந்து நின்னான். அதுக்கு மேல நான் என்ன செய்ய முடியும், சொல்லு?"

சாமி சந்நிதியில் மனுசர் காலில் விழக்கூடாது என்பது எனக்கும் தெரியும். விழுந்தேன்.